பழைய பாங்கோவில் பாட்டு கேட்க

கேம்பர் வேனுக்கு ஆடியோ மாற்ற வேண்டும் என்று யாரிடம் போய் நின்றாலும் முதல் கேள்வி எத்தனை வாட் வேண்டும் என்பதாகத்தான் இருக்கிறது. அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஓடும்போது கேட்கவா, ஓரங்கட்டிவிட்டுக் கேட்கவா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேம்பர் பகலில் வண்டி, ராத்திரியில் வீடு. கார் ஆடியோ என்று கடையில் விற்பதெல்லாம் வண்டிக்கென்று செய்தவை. வீட்டுக்கு வேண்டியது வேறு: மெதுவாக வைத்தாலும் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், பேட்டரி காலியாகக் கூடாது, பக்கத்துக் கூடாரத்தில் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு தேவையையும் ஒரே செட்டில் எப்படிச் சேர்த்தேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பழைய வேன் வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

எங்கள் வண்டி மாஸ்டா பாங்கோ ஃப்ரெண்டி. 1995-லிருந்து 2005 வரை ஜப்பானில் ஓடுவதற்கென்று செய்த வண்டி. அங்கே சில வருடம் ஓடிய பிறகு செகண்ட் ஹேண்டில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த பாங்கோக்கள் நிறைய. இரண்டு நாட்டிலும் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் மாற்றுவதற்கு அதிகம் இல்லை. பட்டனை அழுத்தினால் கூரை மேலே எழும்பி, துணிச்சுவர் வைத்த படுக்கை ஒன்று கிடைக்கும். நாங்கள் சவுத் வேல்ஸில் இருக்கிறோம். எங்களுடையது 2.5 லிட்டர் டர்போ டீசல். சமையல் மேடை, பெஞ்சு, அலமாரி எல்லாம் இங்கே வந்த பிறகு யாரோ போட்டது. இன்ஜின் முன்னால் மூக்குப் பக்கம் இல்லை, முன் சீட்டுகளுக்கு நேர் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கினால்தான் கண்ணில் படும். டிரைவர் டீசல் இன்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் பாட்டு கேட்க வேண்டும். இனி நான் சொல்லப்போகும் பல முடிவுகளுக்கு இதுதான் காரணம்.

ரேடியோவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஜப்பானிலிருந்து வந்த வண்டியில் அதுதான் முதலில் கைவிடும். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-ல் முடியும்படி வைத்திருந்தார்கள். பிரிட்டனில் 87.5-லிருந்து 108 வரை. இரண்டுக்கும் பொதுவான இடம் வெறும் இரண்டரை மெகாஹெர்ட்ஸ். அந்த இடுக்கில் பிபிசி ரேடியோ 2 கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளூர் நிலையம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். இறக்குமதி செய்தவர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்ன டப்பாவை ஏரியல் வயரில் செருகுவார்கள். அது வருகிற அலைவரிசையை, 12 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே கீழே தள்ளிக் கொடுக்கும். 100-ல் வருகிற நிலையம் டயலில் 88 என்று காட்டும். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஜன்னல் வழியாக இருபதரை மெகாஹெர்ட்ஸைப் பார்க்க முடியாதே. எங்கே தள்ளினாலும் ஒரு முனை வெட்டுப்படும், போதாததற்கு டப்பாவே கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். எங்கள் வண்டியில் இந்த டப்பாவோடு கேசட்டும் மினிடிஸ்க்கும் போடுகிற ஜப்பானிய செட் ஒன்று இருந்தது. பட்டன்களில் பாதிக்கு ஜப்பானிய எழுத்து. அழகான பொருள்தான், ஆனால் இங்கே அதற்கு வேலை இல்லை.

அந்த செட் டபுள் டின் அளவு, அதாவது 180 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். அதே ஓட்டையில் பெரிய டச் ஸ்கிரீன் ஒன்றைப் போடலாம், நிறைய பேர் அதைத்தான் போடுகிறார்கள். நான் பாதி உயரமுள்ள சிங்கிள் டின் செட்டைப் போட்டேன், திருகுகிற குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். வேல்ஸ் மலைப்பாதையில் வளைவுகள் விடாமல் வரும்போது கண்ணாடித் திரையைத் தடவிச் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்காது. குமிழைக் கண் பார்க்க வேண்டாம், கையே தேடிக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. சிங்கிள் டின் போட்டால் கீழே 50 மி.மீ. இடம் மிச்சமாகும். அந்த இடத்தில் வோல்ட் மீட்டர், யுஎஸ்பி சார்ஜர், லெஷர் பேட்டரி (இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இல்லாமல் உள்ளே வீட்டு உபயோகத்துக்கென்று வைத்த இரண்டாவது பேட்டரி) ஸ்விட்ச் மூன்றையும் ஒரே தகட்டில் பொருத்திவிட்டேன். கேம்பரில் அந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எவ்வளவு பெரிய திரையை விடவும் உபயோகம்.

வயரிங் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய செட்டின் பிளக்கை வெட்டாதீர்கள். ஜப்பானிய வண்டிகளின் பிளக் இங்குள்ள ஐஎஸ்ஓ பிளக்கோடு சேராது, ஆனால் நடுவில் போடுகிற அடாப்டர் வயர் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆன வயரை வெட்டினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும், ஈயம் சரியாக ஒட்டாது. அடாப்டர் போட்டால் அந்த வேலையே இல்லை. புது செட் பக்கத்தில் நிறங்கள் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவியைத் திருப்பினால் வருவது, கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக்கோடு போட்டது ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கு. ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. கறுப்புக்கோடு போட்ட துணை வயர்தான் மைனஸ். இதில் மஞ்சளும் சிவப்பும்தான் கேம்பர்காரர்களுக்கு முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஸ்பீக்கர். முன் கதவின் அட்டையைக் கழற்றி பழைய ஸ்பீக்கரின் கூம்பை விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஓரத்தில் சுற்றி இருந்த ஃபோம் வளையம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கதவுக்குள் விழுந்தது. இது அந்த வண்டியின் குறை இல்லை. பாலியூரித்தேன் ஃபோம் ஈரக்காற்றில் தானாகவே சிதையும், வண்டி நின்ற இடத்திலேயே நின்றாலும் சிதையும். பத்து இருபது வருடத்தில் வளையம் போனதும் கூம்பு நடுவில் நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து காயிலைத் தேய்க்கும். பழைய வண்டியில் பேஸ், அதாவது கீழ்ச்சுருதிச் சத்தம், கரகரவென்று கேட்பதற்குப் பாதி காரணம் இதுதான். ஆகவே புது ஸ்பீக்கர் வாங்கும்போது ஓரம் ரப்பரா என்று பார்த்து வாங்குங்கள். கூம்பு வெறும் காகிதமாக இல்லாமல் பாலிபுரோப்பலீனாக இருந்தால் கதவுக்குள் வருகிற ஈரத்தைத் தாங்கும். கதவுக்குள் ஈரம் வரும், அதைத் தடுக்க முடியாது. ஜன்னல் கண்ணாடியில் விழுகிற மழை ரப்பரைத் தாண்டிக் கதவின் உள்பக்கமாக வழிந்து அடியில் உள்ள ஓட்டை வழியாகத்தான் வெளியே போகிறது. அப்படித்தான் கதவுகளையே வடிவமைத்திருக்கிறார்கள்.

வாட் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். செட்டின் டப்பா மேல் 4 x 50 வாட், அதாவது நாலு ஸ்பீக்கருக்கும் ஆளுக்கு ஐம்பது வாட், என்று போட்டிருப்பார்கள். அந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது? வண்டி ஓடும்போது பேட்டரியில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கிற சிப்பால் அதைத் தாண்டித் தர முடியாது. ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84. அது முழுக்க உடைந்துபோன சதுர அலைக்கு வருகிற எண். ஒழுங்கான சைன் அலைக்கு அதில் பாதிதான், 26-க்கும் கீழே. சிப்பில் வீணாவதையும் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 18, 20 வாட் கிடைக்கும். இது எந்த செட்டானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் அட்டையில் உள்ள வாட்டைப் பார்த்து செட் வாங்குவதில் அர்த்தமில்லை. அதற்குப் பதில் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது கொடுக்கிற வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை, பாருங்கள். 88 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபெல் ஸ்பீக்கர் போட்டால் அதே 20 வாட் 40 வாட் போட்ட மாதிரி வேலை செய்யும். மூன்று டெசிபெல் என்றால் சக்தி இரண்டு மடங்கு.

இந்த மூன்று டெசிபெல்லை எதிர்ப்பக்கமும் திருப்பிப் போடலாம், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே அதுதான். வண்டிக்குள் இரைச்சலை மூன்று டெசிபெல் குறைத்தால், பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஆம்ப்ளிஃபயரை இரண்டு மடங்காக்கியதற்குச் சமமாகக் கூடும். அதற்கு மின்சாரம் வேண்டாம், காது வலிக்காது, வண்டியை நிறுத்திய பிறகும் அந்த அமைதி இருக்கும். மழை பெய்யும்போது தகரம் அதிராது, குளிர் கொஞ்சம் குறையும். பெரிய ஆம்ப்ளிஃபயரில் பணத்தைப் போடாமல் முதலில் ஒட்டுப் பாய்களில் போட்டதற்கு இதுதான் காரணம்.

ஒட்டுப் பாய் என்று நான் சொல்வது அலுமினியத் தாள் மேலே, பியூட்டைல் ரப்பர் கீழே உள்ள இரண்டு மி.மீ. தடிமன் ஷீட். கூரை வேலைக்கு விற்கிற தார் ஷீட்டும் பார்க்க அதே மாதிரி இருக்கும், விலை குறைவு, ஆனால் வெயிலில் இளகி நாறும். படுத்துத் தூங்குகிற வண்டிக்குள் அது வேண்டாம். கதவின் வெளித்தகட்டை உள்பக்கமிருந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்து, ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, சின்ன ரோலரால் அழுத்தமாக உருட்ட வேண்டும். அலுமினியத்தில் உள்ள புடைப்புகள் தட்டையானால் சரியாக ஒட்டிவிட்டது என்று அர்த்தம். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால்வாசி பரப்பை மூடினாலே தகட்டின் அதிர்வு அடங்கிவிடும். ஒட்டுவதற்கு முன் விரல் கணுவால் தட்டினால் டங்ங் என்று இழுத்து ஒலித்த கதவு, பிறகு தட்டினால் தொப் என்று முடிந்துவிடுகிறது. ஒரு கதவை முடித்துவிட்டு இன்னொரு கதவையும் இதையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள், மிச்ச வேலைக்கு உற்சாகம் தானாக வரும்.

பேஸ் உண்மையில் கூடுவது அடுத்த வேலையில். கதவின் உள்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும், ஜன்னல் மோட்டாரைக் கழற்றி மாட்டுவதற்கு. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்கத்து அலை அந்த ஓட்டைகள் வழியாகச் சுற்றிவந்து முன்பக்கத்து அலையை அடித்துவிடும். அந்த ஓட்டைகளை மெல்லிய பிளாஸ்டிக் தகடும் பியூட்டைல் ஷீட்டும் வைத்து மூடினால், அதே ஸ்பீக்கர், அதே செட், பேஸ் மட்டும் புதிதாக வந்து நிற்கும். இதற்கு ஆன செலவு பத்து பவுண்டுக்கும் குறைவு. கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். பாங்கோவுக்குத் துரு ஏற்கனவே தீராத வியாதி. கதவுக்குள் தண்ணீர் தேங்கினால் இரண்டு குளிர்காலத்தில் கதவே போய்விடும்.

அதே மாதிரி கேஸ் சிலிண்டர் வைத்த கேம்பராக இருந்தால் தரையில் சின்ன ஓட்டைகளோ வலை போட்ட துவாரமோ இருக்கும். சமையல் கேஸ் காற்றை விட கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தரையில் பாய் விரிக்கிற ஆர்வத்தில் அதை மூடிவிட்டால் விளைவு உயிரோடு விளையாடுவதுதான். சிலிண்டர் அலமாரிக்குள் வயர், ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் (பேஸுக்கென்று உள்ள தனி ஸ்பீக்கர்) எதையும் வைக்கக் கூடாது, இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி.

இன்ஜின் பக்கம் நான் ஷீட் ஒட்டவில்லை. அங்கே இருக்கிற சூட்டுக்கு அதற்கென்று செய்த பொருள்தான் தாங்கும். நான் செய்தது சீட்டுக்கு அடியில் இன்ஜின் மூடியைச் சுற்றி இருக்கிற ரப்பரை மாற்றியது மட்டும். பழைய ரப்பர் கல்லாக இறுகி அங்கங்கே பிளந்திருந்தது. அந்தப் பிளவுகள் வழியாகத்தான் டீசல் தட்டல் சத்தமும் சூடும் லேசான புகை வாடையும் உள்ளே வந்துகொண்டிருந்தன. மீட்டர் கணக்கில் விற்கிற சாதாரண ரப்பர் ஓரம்தான், ஆனால் சூடு தாங்கும் ரகம். மொத்த வேலையிலும் காசுக்கு இவ்வளவு பலன் தந்தது வேறொன்றும் இல்லை.

பாங்கோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இந்த வண்டியின் பெரிய பயம் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம். இன்ஜின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால் நீளமான குழாய்கள், பழசாகிவிட்டன, எங்காவது ஒன்று கசிந்தால் இன்ஜின் தலை வெந்துவிடும். அதனால் பலரும் கூலண்ட் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்றைப் போட்டிருப்பார்கள். ஆடியோவை மாற்றிய பிறகு வழக்கமாக வைக்கிற சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு அந்த அலாரத்தை அடிக்கவிட்டுப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் அலாரத்தின் பஸ்ஸரை டிரைவர் காதுப் பக்கம் நகர்த்துங்கள். நான் நகர்த்தினேன்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். செட்டின் மஞ்சளும் சிவப்பும் வண்டி பேட்டரியில் இருந்தால், மழைநாள் முழுக்கப் பாட்டு கேட்டுவிட்டுக் காலையில் வண்டியை எடுக்கும்போது சோதனை ஆரம்பிக்கும். டீசல் இன்ஜின், குளிரில் குளோ பிளக் சூடாக வேண்டும், ஸ்டார்ட்டர் இழுக்க வேண்டும். நான் இரண்டு வயரையும் முழுக்க லெஷர் பேட்டரிக்கு மாற்றிவிட்டேன். மஞ்சள் நேராக ஃபியூஸ் வழியாக, சிவப்பு டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக. சாவி இல்லாமலே பாட்டு ஓடும், ஸ்டார்ட்டர் பேட்டரியை ஒருபோதும் தொடாது. மெதுவாக வைத்துக் கேட்கும்போது கிளாம்ப் மீட்டரில் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் காட்டுகிறது. சாயங்காலம் முழுக்க ஐந்து மணி நேரம் கேட்டாலும் ஆறு ஆம்பியர் மணிக்குள். 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் நம் கையில் இருப்பது ஐம்பது. அதில் பெரிய பங்கு குளிர்ப்பெட்டிக்குத்தான் போகிறது, பாட்டுக்கு இல்லை.

ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்று நிறைய யோசித்து ஒரு சின்ன நாலு சேனல் கிளாஸ் டி மட்டும் போட்டேன். பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர்கள் எடுக்கிற மின்சாரத்தில் பாதியைச் சூடாக்கி வெளியே விடும், கிளாஸ் டி-யில் அந்த வீண் மிகக் குறைவு. லெஷர் பேட்டரியில் ஓடுகிற வண்டிக்கு வேறு யோசனை வேண்டாம். அதைப் பின்பெஞ்சுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். டாஷ்போர்டு அடியில் வைத்தால் கேபிள் போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 20 ஆம்பியர் போனால் அந்தப் பத்து மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளை ஆம்ப்ளிஃபயர் கிட் என்று மலிவாக விற்கிறார்கள். அதில் இழப்பு இன்னும் ஒன்றரை மடங்கு, ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். எடுத்துச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளைத்தான். கேபிளின் மறுமுனையில் போட்டால் நடுவில் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் பிரயோஜனமில்லை.

இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் எல்லாரும் மாட்டிக்கொள்கிற ஒரு தொல்லை, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் உய்ய்ய் என்று ஏறுகிற சத்தம். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஜெனரேட்டர்) சத்தம் என்பார்கள். செட்டின் எர்த் டாஷ்போர்டுக்குப் பின்னால் தகட்டில், ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னால் வேறொரு தகட்டில். இரண்டுக்கும் நடுவில் சார்ஜ் மின்சாரம் ஓடுவதால் இரண்டு இடமும் ஒரே வோல்டேஜில் இல்லை. அந்தச் சின்ன வித்தியாசம் சிக்னல் கேபிளின் உறை வழியாக ஓடும்போது பாட்டோடு சேர்ந்து கேட்கிறது. இதற்கு ஐசோலேட்டர் என்று ஒரு பொருள் விற்கிறார்கள். மலிவானதில் உள்ளே இருக்கிற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் பேஸைத் தின்றுவிடும். சரியான வைத்தியம், செட்டின் பிளஸ், மைனஸ் இரண்டையுமே ஆம்ப்ளிஃபயர் எடுக்கிற அதே இடத்திலிருந்து ஜோடியாக முன்னால் கொண்டுபோவது. ஏற்கனவே மஞ்சளையும் சிவப்பையும் லெஷர் பேட்டரிக்கு மாற்றுகிறோம் என்பதால் கூடவே கறுப்பையும் இழுத்தால் போதும். சிக்னல் கேபிளை வண்டியின் ஒரு பக்கமாகவும் மின்சாரக் கேபிளை மறுபக்கமாகவும் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.

டிஜிட்டல் ரேடியோவுக்கு எதிரி வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே டிஏபி ஓடுவது 174-லிருந்து 230 மெகாஹெர்ட்ஸில். மலிவான யுஎஸ்பி சார்ஜரும் எல்ஈடி விளக்கின் டிரைவரும் அதே பகுதியில் இரைச்சலைக் கக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் நிலையம் வருகிறது, செருகினால் போகிறது என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டுகிற ஏரியலில் ஒரு செம்பு நாக்கு இருக்கும். அது தூணின் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டைத் தொட வேண்டும், பலரும் பெயின்ட் மேலேயே ஒட்டிவிட்டு ரேடியோவைத் திட்டுகிறார்கள். இவ்வளவும் செய்தாலும் கார்டிஃபிலிருந்து லாண்டட்னோ வரை வேல்ஸைத் தெற்கு வடக்காகக் கடக்கிற ஏ470-ல் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ரேடியோ போய் வந்துகொண்டுதான் இருக்கும். மலை குறுக்கே நின்றால் என்ன செய்வது. போன் சிக்னலும் அங்கே அப்படித்தான். ஆகவே பாட்டுகளை யுஎஸ்பி ஸ்டிக்கில் போட்டு செட்டிலேயே செருகி வைத்திருக்கிறேன். அது எந்த மலைக்கும் பயப்படாது.

சப்வூஃபர் பற்றி. 20 செ.மீ. ஆக்டிவ் சப் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற சப்வூஃபர்) ஒன்றைச் சமையல் மேடைக்குக் கீழே, கேஸ் இல்லாத பக்கத்து அலமாரியில் வைத்தேன். பெரியது தேவையில்லை. வண்டிக்குள் காற்றின் அளவு கொஞ்சம், சின்ன சப்பே நிரப்பிவிடும். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகாமல் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதை சப்புக்குக் கொடுத்தேன். கீழ்ச்சுருதியைச் சுமக்கிற வேலை போனதும் கதவு ஸ்பீக்கர்களில் குரல் தெளிவாகிவிட்டது, அதுவே எனக்கு சப்பின் பெரிய லாபம்.

ஆனால் சப் போட்ட அன்று வண்டி முழுக்க அதிர்ந்தது. கேம்பர் என்பது தட்டு, கரண்டி, கொக்கி, தாழ்ப்பாள், ஜன்னல் திரைக் கம்பி எல்லாம் உள்ள பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி இருக்கிறது, அந்தச் சுருதி வரும்போது அது பாடும். போனில் ஒற்றைச் சுருதியை எழுப்புகிற செயலியைப் போட்டு 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். மகள் பின்னால் உட்கார்ந்து கையால் ஒவ்வொரு இடமாக அமுக்கிப் பார்த்தாள். 43-ல் ஏதோ கடகடவென்றது. "அடுப்பு மூடியா பாரும்மா." "இல்லப்பா, அத புடிச்சா நிக்கல." கொஞ்ச நேரம் தடவிவிட்டு, "அப்பா, மேல, திரைக் கம்பி. இத தொட்டா நிக்குது." கம்பி மாட்டிய கொக்கிக்குள் ஃபெல்ட் டேப் ஒரு சுற்று. 58-ல் கரண்டி டப்பா, அடியில் ஒரு துணி. 71-ல் ஸ்லைடிங் கதவின் உள் அட்டை, கிளிப் ஒன்று உடைந்திருந்தது. இப்படியே 120 வரை. அப்புறம்தான் கவனித்தேன், இந்த அதிர்வுகளெல்லாம் பாட்டு இல்லாமல் ஓட்டும்போதும் இருந்தவைதான், சாலை ஆட்டுகிற ஆட்டத்தில். அவற்றை அடக்கியதும் வண்டியே பத்து வயது குறைந்த மாதிரி ஓடுகிறது. சப் வாங்காதவர்கள்கூட இந்த ஒரு சாயங்கால வேலையைச் செய்யலாம்.

நிறுத்திய பிறகு கேட்பதற்குத் தனி ஏற்பாடு. பின்பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர் காது உயரத்தில் 10 செ.மீ. ஸ்பீக்கர் இரண்டைச் சின்ன பிளைவுட் பெட்டியில் மாட்டி, செட்டின் பின் சேனலில் கொடுத்தேன். ஓட்டும்போது ஃபேடர் (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடுகிற அமைப்பு) முழுக்க முன்னால். நிறுத்தியதும் முழுக்கப் பின்னால், சப் அணைப்பு. காதுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருப்பதால் மிக மெதுவாக வைத்தாலே நிறைந்துவிடுகிறது. கூரையைத் தூக்கிவிட்டால் மேலே இருப்பது வெறும் துணி, அது சத்தத்தைத் தடுக்காது. அதிலும் பேஸ் எதையும் மதிக்காமல் பக்கத்து வண்டிக்குள் போகும். இங்கே கேம்ப் சைட்டுகளில் ராத்திரி பத்து, பதினொன்றுக்கு மேல் அமைதி என்று விதி இருக்கும். விதி இல்லாவிட்டாலும் சப்பை அணைப்பது நியாயம். வெளியே இறங்கிக் கதவைச் சாத்திப் பத்தடி தள்ளி நின்று கேட்டுப் பார்த்து, எதுவும் கேட்காத அளவில் ஒலியை ஒரு எண்ணாக மனதில் குறித்து வைத்திருக்கிறேன். எங்கள் செட்டில் அது 11.

ட்யூன் செய்ய நான் வைத்துக்கொண்டது கச்சேரிப் பதிவுகள். சினிமாப் பாட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பதிவானது, எது ஸ்பீக்கரின் குறை, எது பதிவின் குறை என்று பிரிக்க முடியாது. மிருதங்கம் ஏமாற்றாது. வலது பக்கத்து வலந்தலையில் விழுகிற நுனி விரல் அடி கூர்மையாக வர வேண்டும், இடது பக்கத்துத் தொப்பியில் கும்கி எழும்பும்போது சுருதி வழுக்கி ஏறுவது காதில் தெரிய வேண்டும். வெறும் தொம் தொம் என்று மட்டும் கேட்டால் சப் அதிகம், இல்லை வெட்டுகிற இடம் தப்பு. பின்னால் தம்பூரா அறுபடாமல் ஓடுவது 100 கி.மீ. வேகத்தில் கேட்காது, எந்த செட்டிலும் கேட்காது, டீசல் அதை விழுங்கிவிடும். ஆனால் 60-ல் ஒற்றையடிச் சாலையில் போகும்போது இப்போது கேட்கிறது. அதுவே எனக்குப் போதும். டிரைவருக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் அறுபது செ.மீ. தள்ளி. செட்டில் டைம் அலைன்மென்ட் இருந்தால் வலதை ஒன்றே முக்கால் மில்லி செகண்ட் தாமதப்படுத்துங்கள், பாடகர் கதவுக்குள்ளிருந்து கண்ணாடிக்கு நடுவில் வந்து உட்காருவார். நிறுத்திக் கேட்கும்போது அந்தத் தாமதம் வேண்டாம், அதனால் இரண்டு அமைப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன்.

செலவு எல்லாம் சேர்த்து 500 பவுண்டுக்குள் முடிந்தது. செட்டும் ஸ்பீக்கரும் பாதி, ஷீட், ரப்பர், கேபிள், ஃபியூஸ் எல்லாம் கால்பங்கு, மிச்சம் சப்பும் ஆம்ப்ளிஃபயரும். பணம் குறைவாக இருந்தால் பின்னாலிருந்து வெட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரும் சப்பும் இல்லாமல் இருக்கலாம், கதவை மூடாமலும் ரப்பரை மாற்றாமலும் அவற்றை வாங்குவதில் பயனில்லை. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள்.

பழைய மினிடிஸ்க் செட்டைத் தூக்கிப் போடவில்லை. அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதன் பிராக்கெட்டும் திருகுகளும் பேண்ட் எக்ஸ்பாண்டரும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பின் கதவு ஒன்றுக்கு மட்டும் இன்னும் ஷீட் ஒட்டவில்லை. பெரிய தகடு, டங்ங் என்று இப்போதும் இழுக்கிறது. வெயில் அடிக்கிற ஒரு வார இறுதி வேண்டும், குளிரில் பியூட்டைல் ஒட்டாது.